ஒட்டில் பிறக்கும் நகை: கைலாசத்தின் தொடக்ககால நாடகங்களும் தமிழாக்கச் சிக்கலும்

தோற்றுவாய்

கன்னட நகைச்சுவை நாடகத்தின் முப்பாட்டனார் என்னும் பொருள்பட 'பிரகசனப் பிரபிதாமகர்' என்று கன்னடர் போற்றும் டி. பி. கைலாசம் (1884 – 1946) தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். தந்தை பரமசிவ ஐயர் மைசூர் அரசின் நீதித்துறையில் உயர்பதவி வகித்தவர். கைலாசம் சென்னை மாநிலக் கல்லூரியிலும் பின்னர் இலண்டனிலும் நிலவியல் பயின்றார்; திரும்பி வந்து மைசூர் அரசின் நிலவியல் துறையில் சில ஆண்டுகள் பணியாற்றினார்; அப்பணியை உதறிவிட்டு நாடகத்துக்கு வந்தார். 1945இல் சென்னையில் கூடிய கன்னட சாகித்திய சம்மேளனத்துக்குத் தலைமை தாங்கிய அவர் மறு ஆண்டே மறைந்தார். பிற்காலத்தில் அவர் பெற்ற பெருமைகள் இக்கட்டுரைக்குப் பொருளல்ல. 1910களின் இறுதியில் 'டொள்ளு கட்டி' வழியாக அறிமுகமாகி, 1923இல் 'போலி கிட்டி'யைத் தந்து, அதனையடுத்த சில ஆண்டுகளில் தமக்கென ஒரு நடையை உருவாக்கிக்கொண்ட வளர்நிலைக் கைலாசமே இங்கு ஆராயப்படுகிறார்.

கைலாசம் ஆங்கிலத்தைக் கன்னடத்தோடு கலந்து சிரிக்கவைத்தார் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கருத்து. இது தவறன்று, ஆனால் விளக்கமும் அன்று. மொழிகளைக் கலப்பவர் எல்லோரும் சிரிக்கவைப்பதில்லை. வழக்கறிஞரும் மருத்துவரும் நாள்தோறும் கலந்துதான் பேசுகின்றனர், யாரும் சிரிப்பதில்லை. கைலாசத்தின் நகை ஆங்கிலச் சொல்லில் இல்லை, கன்னட விகுதியிலும் இல்லை, இரண்டும் ஒட்டுகின்ற இடத்தில் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் கருத்து. இதனை ஏற்றுக்கொண்டால், அவரைத் தமிழாக்குவோர் இதுகாறும் இயல்பாகக் கைக்கொள்ளக்கூடிய இரண்டு வழிகளையும் கைவிட வேண்டியிருக்கும்.

இக்கருத்து எனக்கு நூலகத்தில் தோன்றியதன்று, நந்திதுர்க்கில் தோன்றியது. 1880 முதல் ஜான் டெய்லர் கம்பெனியார் வளர்த்த கோலார் தங்கவயலின் சுரங்கங்களுள் நந்திதுர்க்கும் ஒன்று. வட ஆற்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர் 'லைன்' எனப்படும் வரிசை வீடுகளில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த இடம் அது. 1956இல் சுரங்கங்களை மைசூர் அரசு ஏற்றது. பின்னர் அவை மைய அரசின்கீழ் வந்தன. 2001 பிப்ரவரி 28ஆம் நாள் மூடப்பட்டன. அங்கே வீட்டில் தமிழ், கடைத்தெருவில் தமிழும் தெலுங்கும் உருதுவும், அரசு அலுவலகத்தில் கன்னடம், சுரங்க அலுவலகத்தில் ஆங்கிலம் என்று மொழிகள் பகுக்கப்பட்டிருந்தன. அத்தகைய லைன் ஒன்றில் வளர்ந்த எனக்கு, கைலாசத்தின் உரையாடலை முதன்முதலில் படித்தபோது அது வேற்றுமொழி இலக்கியமாகப் படவில்லை. எங்கள் வாசலில் கேட்ட பேச்சின் இலக்கணம் வேறொரு மொழியில் எழுதப்பட்டிருப்பதாகவே பட்டது.

தலைப்புகளே சான்று

ஒரு நாடகாசிரியரின் மொழிநடையைக் காண உரையாடலைத் தேடிச் செல்வது வழக்கம். கைலாசத்துக்குத் தலைப்புகளே போதும். 'நம் க்ளப்பு', 'நம் கம்ப்னி', 'நம் பிராமண்கெ', 'அம்மாவ்ர கண்ட', 'தாளி கட்டோக் கூலீனே', 'ஹோம் ரூலு' ஆகிய இவற்றை ஓர் உருபனியல் மாணவரின் கண்கொண்டு நோக்குக.

'நம்ம' என்பது 'நம்' எனக் குறுகுகிறது. 'பிராமணிகெ' என்பதில் நடு உயிர் கெட்டு 'பிராமண்கெ' ஆகிறது. 'அவர' என்பது 'அவ்ர' ஆகிறது. 'கட்டுவுதக்கே' என்னும் எழுத்து வழக்கு 'கட்டோக்' என்று ஏறத்தாழப் பாதியாகிவிடுகிறது. இவை பெங்களூர் – மைசூர்ப் பகுதிப் பேச்சுக் கன்னடத்தின் இயல்பான உயிர்க்கேடுகள். அக்காலக் கன்னட உரைநடை இவற்றை எழுத்தில் ஏற்க அஞ்சியது. மேடையை ஆண்ட தொழில்முறைக் கம்பெனி நாடகங்களோ புராணக் கதையும் பாட்டும் செயற்கையான உயர்நடை வசனமுமாக இருந்தன. இளம் நாடகாசிரியர் ஒருவர் தம் நாடகத்தின் பெயர்ப்பலகையிலேயே உயிர்கெட்ட வடிவத்தை எழுதிவைப்பது சிறு துணிவன்று.

இனி அயற்சொற்கள். 'கிளப்' என்பது 'க்ளப்பு' ஆகிறது. ஈற்று மெய் இரட்டித்து உகரம் ஏறுகிறது. 'ரூல்' என்பது 'ரூலு' ஆகிறது; நெட்டுயிரை அடுத்த மெய்யாதலின் இரட்டிக்கவில்லை. தமிழில் 'கப்பு', 'பேனு' என்று நாம் சொல்வதும் இதே விதிப்படிதான். 'கம்பெனி' என்பதோ 'கம்ப்னி' என்று, 'பிராமண்கெ'யைப் போலவே நடு உயிரை இழக்கிறது. ஆங்கிலச் சொல்லும் வடசொல்லும் ஒரே கன்னட விதிக்குக் கட்டுப்படுவதை இங்குக் காண்கிறோம். கூட்டத்தின் பெருமையைக் குறிக்க வந்த 'கம்பெனி'யும் குலத்தின் பெருமையைக் குறிக்க வந்த 'பிராமணிகெ'யும் வாய்க்குள் நுழைந்ததும் ஒரே அளவாகத் தேய்ந்துவிடுகின்றன. கைலாசத்தின் அங்கதம் கதையில் தொடங்குவதில்லை. இந்தத் தேய்மானத்தில் தொடங்குகிறது.

'தாளி கட்டோக் கூலீனே' என்பதைத் தமிழர்க்கு விளக்க வேண்டுவதில்லை. தாலி கட்டுவதற்குக் கூலியா என்று வரதட்சிணையைக் கேட்கும் கேள்வி அது. இரண்டு பெயர்ச்சொற்களும் தமிழிலும் உள்ளவை. கூலியை நம்பி வந்த மக்கள் வாழ்ந்த தங்கவயலில் இத்தலைப்பை வாய்விட்டுப் படித்தபோது எழுந்த சிரிப்பு, பெங்களூர்ச் சபையில் எழுந்திருக்கக்கூடிய சிரிப்பைவிடச் சற்றுக் கசப்பானது. 'குலீன' (உயர்குலத்துக்குரிய) என்னும் சொல்லின் எதிரொலியும் இதில் இருக்கலாமோ என்பது என் ஐயம். குறில் நெடில் வேறுபாடு தடையாக நிற்பதால் இதனை முடிபாகச் சொல்லத் துணியவில்லை.

'ஹோம் ரூலு' என்பதில் சொல்விளையாட்டு வெளிப்படை. 1916இல் அன்னி பெசன்ட் தொடங்கிய தன்னாட்சி இயக்கத்தின் முழக்கம், ஈற்றில் ஓர் உகரம் பெற்றவுடன் வீட்டுக்குள் யார் ஆட்சி என்ற வினாவாகிவிடுகிறது. இத்தனையையும் செய்வது ஓர் உகரந்தான். மொழிபெயர்ப்பாளர் அதனை எழுத்துப்பிழை என்று திருத்திவிட்டால் நாடகம் போயிற்று.

இங்கே ஒரு பாடச் சிக்கலையும் சொல்லிவிட வேண்டும். கைலாசம் தம் நாடகங்கள் பலவற்றை நண்பர்களிடம் வாயாற் சொல்லியே எழுதுவித்தார். ஆகவே ஒரு குறுக்கம் ஓரிடத்தில் எழுதப்பட்டு மற்றோரிடத்தில் எழுதப்படாமல் போயிருந்தால், அது ஆசிரியரின் தெரிவா, எழுதினவரின் கையா என்று ஆராய வேண்டியிருக்கிறது. ஒரு நாடகத்தின் ஒற்றை அச்சுப் படியை மட்டும் கொண்டு ஒலியியல் முடிவுகள் கூறுவது பொருந்தாது. தலைப்புகளை நான் முதற்சான்றாகக் கொண்டதற்கு இதுவும் காரணம். அவை பலர் நாவில் பயின்று நிலைத்த வடிவங்கள்.

யார் எவ்வாறு ஒட்டுகின்றனர்

இருமொழியாளரின் பேச்சில் ஒரு சொல்லுக்கும் அதனோடு ஒட்டும் கட்டுருபனுக்கும் இடையே மொழி மாறாது. மாற வேண்டுமெனில் அச்சொல் ஏற்கும் மொழியின் ஒலியமைப்புக்குள் வந்துவிட்டிருக்க வேண்டும் என்று ஷானா பாப்லாக் 1980இல் கூறினார். பின்வந்த ஆய்வுகள் இவ்விதிக்கு விலக்குகள் பல காட்டியுள்ளன. கரோல் மயர்ஸ்–ஸ்காட்டன் 1993இல் முன்வைத்த சட்டக மொழிக் கோட்பாட்டின்படி, கலந்த வாக்கியத்தின் எலும்புக்கூட்டை ஒரு மொழியே தருகிறது. மற்றது சதையை மட்டும் தருகிறது. கைலாசத்தின் உரையாடலில் எலும்புக்கூடு எப்போதும் கன்னடமே. ஆங்கில வினை வந்தால் 'மாடு' (செய்) என்னும் துணைவினை அதனைத் தாங்குகிறது. பெயர் வந்தால் கன்னட வேற்றுமை உருபு ஏறுகிறது. தமிழில் 'பண்ணு' செய்யும் வேலையை அங்கு 'மாடு' செய்கிறது.

ஆனால் எல்லாப் பாத்திரங்களும் ஒரே வகையாக ஒட்டுவதில்லை. கல்லூரி கண்ட ஆடவர் ஆங்கிலச் சொல்லை ஆங்கில ஒலிப்போடு வைத்துக்கொண்டு கன்னட உருபை வெளியிலிருந்து ஒட்டுகின்றனர். ஒட்டு தெரிகிறது, சட்டையின் மேல் தைத்த பொத்தான் போலத் துருத்திக்கொண்டிருக்கிறது. வீட்டுப் பெண்களும் பணியாளரும் அதே சொல்லைத் தம் நாவுக்கேற்ப உருட்டி எடுத்துக்கொள்கின்றனர். அங்கே ஒட்டு தெரிவதில்லை. படித்தவர்கள் சிரிப்பது இரண்டாம் வகையினரைப் பார்த்து. நாடகம் நம்மைச் சிரிக்கவைப்பதோ முதல் வகையினரைப் பார்த்து. இந்தத் திசைமாற்றமே கைலாசத்தின் தனித்தன்மை எனலாம்.

வில்லியம் பிரைட்டும் அ. கி. இராமானுஜனும் 1960களில் தென்னிந்தியச் சாதிக் கிளைமொழிகளைப் பற்றிச் செய்த ஆய்வு இதற்கு ஒளிதருகிறது. பிராமணக் கிளைமொழிகள் அயற்சொற்களை அயல் ஒலிகளோடு ஏற்பது போன்ற, பேசுவோர் உணர்ந்து செய்யும் மாற்றங்களில் முந்துகின்றன. பிற கிளைமொழிகள் ஒலித்திரிபு போன்ற, உணராமல் நிகழும் மாற்றங்களில் முந்துகின்றன என்பது அவர்களது முடிபு. கைலாசம் இதனை நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே மேடையில் காட்டினார் என்று சொல்வது மிகை. எனினும், ஒரே வீட்டுக்குள் தகப்பனும் மகனும் முதற்பக்கத்திலும் தாயும் பணியாளும் மறுபக்கத்திலும் நிற்பதை அவர் செவியால் கண்டறிந்தார். சாதிக்கு உரியதாகக் கருதப்பட்ட வேறுபாடு பால், கல்வி ஆகியவற்றின் வேறுபாடாகவும் இருப்பதை அவர் நாடகங்கள் காட்டுகின்றன. இது மொழியியலார் கருத்தூன்ற வேண்டிய இடம்.

'டொள்ளு கட்டி'யில் இரண்டு சகோதரர்: தேர்வில் வெல்லும் புட்டு, தேர்வில் தோற்கும் மாது. வீட்டாருக்குக் கைகொடுப்பவன் இரண்டாமவனே. முதலாமவன் டொள்ளு, அதாவது உள்ளீடற்றது. இரண்டாமவன் கட்டி, அதாவது திண்ணியது. இத்திட்டம் வெளிப்படையானது, சற்று மிக வெளிப்படையானது என்பதையும் சொல்ல வேண்டும். அறிமுக ஆசிரியருக்கே உரிய குறை இது. நல்லவன் நல்லவனாகவே இருக்கிறான். நம்மை வியப்பில் ஆழ்த்துவதில்லை. பொல்லாதவன்தான் பேச்சால் உயிர்பெறுகிறான். 'போலி கிட்டி'யில் ஆசிரியர் இக்குறையைக் கடந்துவிட்டார். ஊர்சுற்றிப் பையன் ஒருவனையே நடுவில் நிறுத்தி, குறும்பும் நற்குணமும் ஒரே வாயில் பேசும்படி செய்தார். நான்கைந்து ஆண்டுகளுக்குள் நிகழ்ந்த இவ்வளர்ச்சி, பிந்தைய புகழ்பெற்ற நாடகங்களைவிட எனக்கு ஆர்வமூட்டுகிறது. பிற்காலத்தில் கலப்புநடை சில இடங்களில் பழக்கமாகித் தேய்ந்துவிட்டது. ஒட்டு எங்கே விழுகிறது என்ற கவனம் குறைந்து, ஆங்கிலத்தின் அளவு மட்டும் கூடியது.

மற்றொன்றும் ஈண்டுக் கருதத்தக்கது. கைலாசம் இதிகாச மாந்தரைப் பற்றி எழுதியபோது கன்னடத்தை விட்டு ஆங்கிலத்துக்குப் போனார். ஏகலைவன், கர்ணன், கீசகன் ஆகியோர் பழஞ்சாயல் கொண்ட செய்யுள்நடை ஆங்கிலத்திலேயே பேசுகின்றனர். சார்லஸ் பெர்குசன் 1959இல் விளக்கிய இரட்டை வழக்கில், உயர்வழக்கும் தாழ்வழக்கும் ஒரே மொழியின் இரு வடிவங்கள். கைலாசத்திடம் உயர்வழக்கின் இருக்கையில் ஆங்கிலம் அமர்ந்துவிட்டது. எழுத்துக் கன்னடத்துக்கு அங்கு இடமே இல்லை. இலக்கியத் தமிழை உயர்வழக்காக இன்றும் வைத்திருக்கும் நமக்கு இது விந்தையாகத் தோன்றலாம். தமிழாக்கத்தின் இடர்ப்பாடும் இங்கேயே முளைக்கிறது.

நகையின் தளமும் பெயர்ப்பின் அரிமையும்

நகைச்சுவை மொழியின் எந்தத் தளத்தில் நிகழ்கிறது என்பதைப் பொறுத்தே அதன் மொழிபெயர்ப்பு எளிதாகவோ அரிதாகவோ அமைகிறது. பம்மல் சம்பந்த முதலியாரின் 'சபாபதி' நாடகங்களை எடுத்துக்கொள்வோம். முதலாளிக்கும் பணியாளுக்கும் ஒரே பெயர். சொன்னதைச் சொன்னபடியே செய்யும் பணியாளின் நேர்ப்பொருள் அறிவே சிரிப்புக்கு ஊற்று. இது சூழற்பொருளியல் தளத்து நகை. எம்மொழியிலும் கட்டளை உண்டு, கட்டளையைச் சொல்லுக்குச் சொல் பற்றும் மூடனும் உண்டு; ஆகவே 'சபாபதி' எம்மொழிக்கும் போகும். 1941இல் அது திரைக்குப் போனபோதும் நகை குன்றாததற்கு இதுவே காரணம். மறுகோடியில் கிரேசி மோகன் (1952 – 2019) இருக்கிறார். 1976இல் 'கிரேசி தீவ்ஸ் இன் பாலவாக்கம்' வழியாக அறிமுகமான அந்தப் பொறியாளரின் நகை பெரும்பாலும் ஒலியொப்புமையில் பிறப்பது. ஒரு சொல் தன்னைப்போல் ஒலிக்கும் மற்றொன்றைத் தொட்டுத் திருப்பும். அதனைப் பெயர்க்க இயலாது. இணையான வேறொன்றைப் புதிதாகப் புனையலாம், அவ்வளவே.

கைலாசம் இவ்விரண்டுக்கும் நடுவில், உருபனியல் தளத்தில் இருக்கிறார். இவரைப் பெயர்க்க முடியாது என்று சொல்லவும் இயலவில்லை, எளிதென்று சொல்லவும் இயலவில்லை. தமிழும் கன்னடமும் நெருங்கிய உறவினாதலால் ஒட்டும் முறை ஒன்றே. ஆனால் உறவே பகையாகும் இடங்கள் உண்டு. கன்னடத்தில் 'போலி' ஊர்சுற்றி, துடுக்கன். தமிழில் 'போலி' பொய்யானது. 'போலி கிட்டி' என்று அப்படியே விட்டால், வெளியில் துடுக்கனாகவும் உள்ளே உண்மையானவனாகவும் இருக்கும் பையனுக்கு நேர்மாறான பெயரைச் சூட்டியவர் ஆவோம். 'டொள்ளு கட்டி'யில் 'கட்டி' என்பது நம் 'கெட்டி'. தமிழெழுத்தில் 'கட்டி' என்றே எழுதினால் வீக்கமோ வெல்லமோ நினைவுக்கு வரும். பெயர்களும் விட்டுவைக்கவில்லை. 'புட்டு' தமிழரின் சிற்றுண்டி. மூச்சொலி காட்டாத நம் எழுத்தில் 'மாது' பெண்ணாகிவிடுகிறாள்.

கைலாசத்தின் பாட்டுகளில் இச்சிக்கல் இன்னும் கூர்மையாகிறது. இலண்டன் இசையரங்கப் பாட்டுகளின் மெட்டில் அவர் கன்னடப் பாட்டுகள் கட்டினார். 'டிப்பரரி' பாட்டு திப்பாரள்ளி என்னும் ஊரின் பாட்டாயிற்று. ஓர் ஊர்ப்பெயரை எழுத்தெழுத்தாக உச்சரிக்கும் 'கான்ஸ்டான்டிநோபிள்' பாட்டின் மெட்டு 'கோளிகெ ரங்க'வாக வந்தது. இரண்டாவது மொழியியலாருக்கு விருந்து. ஆங்கிலப் பாட்டு ஒலியெழுத்துகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்கிறது. கைலாசம் அவ்விடத்தில் கன்னட உயிர்மெய்யையும் குறியீடுகளின் பெயர்களையும் சொல்லித் தம் நாயகனின் பெயரை எழுத்துக்கூட்டுகிறார். எழுத்துமுறையே பாட்டாகிவிடுகிறது. இதனைத் தமிழில் பாட முயன்றேன். கன்னடத்தில் 'கொம்பு' உகரக் குறி. தமிழில் 'கொம்பு' எகர ஒகரக் குறி. ஒரே சொல், வேறு உயிர். கன்னடத்தின் 'சொன்னெ' (சுழியம்) மூக்கொலியைக் காட்டுவது. நமக்கோ அவ்விடத்தில் மெய்யும் புள்ளியுந்தான். பெயரை மாற்றாமல் பாட்டைத் தமிழாக்க இயலாது. பெயரை மாற்றினால் மெட்டு இடறும். மெட்டுக்கேற்ற வேறொரு பெயரை நான் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

நந்திதுர்க்கில் இரண்டு வாசிப்புகள்

'டொள்ளு கட்டி'யின் ஒரு பகுதியைத் தமிழாக்கி, நந்திதுர்க்கில் உறவினர் வீட்டு முன்கூடத்தில் இருமுறை வாசித்துக் காட்டினேன். இதனைக் கள ஆய்வு என்று சொல்ல மாட்டேன். கேட்டவர் பதினைந்து பேருக்கு மேலில்லை. பெரும்பாலோர் சுரங்கத்தில் வேலைசெய்து ஓய்ந்தவரும் அவர்தம் பேரப்பிள்ளைகளும். எனினும் அங்கு நடந்தது என் எண்ணத்தை மாற்றியது.

முதல் வாசிப்புக்கு இரண்டு வரைவுகள் கொண்டுபோனேன். முதல் வரைவில் எல்லோர்க்கும் சென்னை பிராமணப் பேச்சைக் கொடுத்து, மூலத்தில் ஆங்கிலம் வந்த இடத்தில் ஆங்கிலத்தையே வைத்திருந்தேன். கூடம் சிரித்தது, ஆனால் எதைப் பார்த்துச் சிரித்தது? கிளைமொழியைப் பார்த்து. திரைப்படங்களில் கேட்டுப் பழகிய பேச்சு வந்ததும் சிரித்தனர். தாய் பேசினும் சிரித்தனர், மகன் பேசினும் சிரித்தனர். கைலாசம் பிரித்த இருவரும் ஒன்றாகிவிட்டனர். ஆங்கிலத்துக்கோ எவரும் சிரிக்கவில்லை. அதில் வியப்பில்லை. 1918ஐ ஒட்டிய காலத்தில் ஆங்கில வினையோடு 'மாடு' சேர்ப்பது காதில் குத்தும் புதுமை. இன்று 'டிரை பண்ணு' என்பது பால்வாடிக் குழந்தையின் தமிழ். அன்று குறியாக நின்றது இன்று இலக்கணமாகிவிட்டது. ஆங்கிலத்தை ஆங்கிலமாகவே விடுவது உண்மையில் பெயர்ப்பே அன்று.

இரண்டாம் வரைவில், இன்று காதில் குத்துவது எது என்று தேடி, புட்டுவுக்கு இலக்கியத் தமிழைக் கொடுத்திருந்தேன். வீட்டில் எல்லோரும் பேச்சுத் தமிழ் பேச, அவன் மட்டும் பாடநூல் போலப் பேசினான். கோட்பாட்டளவில் இது மிகப் பொருத்தம், உயர்வழக்குக்கு உயர்வழக்கு. சிரிப்பும் நன்றாக எழுந்தது. நான் மகிழ்ந்துகொண்டிருக்கையில் பெரியப்பா கேட்டார்: "ஏம்பா, பள்ளிக்கூடத்துல தமிழ் வேணும்னு எவ்ளோ அலஞ்சோம். அந்தத் தமிழத்தான் இப்ப கிண்டல் பண்றியா?"

என்னிடம் விடையில்லை. கன்னட மாநிலத்தில் தமிழ்வழிப் படிப்பு தேய்ந்து வருவதைக் கண்ட தலைமுறை அது. கைலாசம் கிண்டல் செய்தது ஆட்சியின் மொழியை, தேர்வின் மொழியை, வேலைதரும் மொழியை. தங்கவயலில் இலக்கியத் தமிழ் இவற்றுள் எதுவும் அன்று, இழக்கப்படும் ஒன்று. சென்னையில் இவ்வரைவு அங்கதமாகலாம். நந்திதுர்க்கில் அது மெலிந்தவனை நோக்கி எறிந்த கல். அமைப்பு ஒத்தாலும் ஆற்றலின் திசை மாறிவிட்டால் பெயர்ப்பு பொய்த்துவிடுகிறது என்பதை எந்தக் கோட்பாட்டு நூலையும்விடத் தெளிவாக அக்கேள்வி எனக்கு உணர்த்தியது.

சில மாதங்கள் கழித்து மூன்றாம் வரைவோடு சென்றேன். இம்முறை ஆங்கிலத்தின் அளவை எல்லோர்க்கும் ஏறக்குறைய ஒன்றாகவே வைத்தேன். ஒட்டை மட்டும் மாற்றினேன். தாய்க்கும் மாதுவுக்கும் 'பரிச்சை', 'பாசு', 'டாக்டரு', 'ஷிப்டு' என்று தமிழாகிவிட்ட வடிவங்கள்; உருபுகள் அவற்றில் தடையின்றி ஏறின. புட்டு அதே சொற்களை ஆங்கில ஒலிப்போடு, ஈற்றுகரம் இன்றி, மெய்யில் நிறுத்திச் சொன்னான். அடுத்து வரும் உருபு ஒட்ட இடமின்றி ஒரு நொடி தவித்து, பிறகு தனியே வந்து விழுந்தது. எழுத்தில் அதனை ஓர் இடைவெளியாகவே காட்டினேன்: 'எக்ஸாமினேஷன் – உக்கு'. வாசித்தவர் என் அத்தை மகள். அந்த இடைவெளியைப் புரிந்துகொண்டு மூச்சைப் பிடித்து நிறுத்தினாள். மூன்றாவது முறை அது வந்தபோது கூடத்தில் ஒருவர் தாமே முந்திக்கொண்டு அவ்வுருபை எடுத்துக்கொடுத்தார்; எல்லோரும் சிரித்தனர். அச்சிரிப்பு ஆங்கிலத்தைப் பற்றியதன்று, எந்தக் கிளைமொழியைப் பற்றியதும் அன்று. ஒட்ட மறுக்கும் மனிதனைப் பற்றியது.

இம்முறையில் இழப்புகள் உண்டு. சாதிக்குரிய பேச்சின் நுண்மை போயிற்று; நாடகம் பெங்களூர் நடுத்தர வீட்டை விட்டு லைன் வீட்டுக்கு இடம்பெயர்ந்துவிட்டது. மைசூர்ப் பிராமணக் குடும்பத்தின் தேர்வுப் பித்தைச் சுரங்கத் தொழிலாளர் வீட்டில் வைப்பது வரலாற்றுக்கு நேர்மையாகுமா என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஒருவேளை அச்சுக்கு ஒரு வரைவும் மேடைக்கு வேறொரு வரைவும் வேண்டியிருக்கும். அச்சு வரைவில் குடும்பத்தின் சாதிப் பேச்சை மெல்லிய கோடாகக் காட்டி, ஒட்டின் வேறுபாட்டை மட்டும் அழுத்தமாக வைக்கலாம் என்பது இப்போதைய என் எண்ணம். உயிர்க்கேட்டுக்குத் தமிழில் நல்ல இணை உண்டு. 'வந்துவிட்டு' என்பது 'வந்துட்டு' ஆவதும், 'கட்டுவதற்கு' என்பது 'கட்டுறதுக்கு' ஆவதும் 'கட்டோக்' செய்யும் வேலையைப் பெருமளவு செய்யும். தமிழ் எழுத்தில் இவற்றை எழுதக் கூசுவோர் கைலாசத்தைத் தொடாதிருப்பதே நலம்.

பெயர்களை மாற்றவில்லை. புட்டு என்றதும் பிள்ளைகள் சிரித்தனர். இரண்டாம் காட்சிக்குள் பெயர் பழகிவிட்டது. மாது என்ற பெயரைக் கேட்டு, வீட்டுவேலைக்குக் கைகொடுக்கும் பையனுக்கு வேண்டுமென்றே பெண்பெயர் வைத்தாரா நாடகாசிரியர் என்று பெரியம்மா கேட்டார். கன்னடத்தில் அதற்கு அப்படியொரு பொருள் இல்லை என்றேன். "இல்லாட்டி என்னா, பொருத்தமாத்தான் இருக்குது, அப்படியே வுடு" என்றார். வரைவில் அது அப்படியே இருக்கிறது.